பதினேழு பேரும் கட்டாத கக்கூஸ்

ஜவ்வரிசி செய்கிற கல்லேரிப்பட்டி சேகோ பேக்டரியில் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக்குத் தோல் உரிக்கும் நல்லாயி செட்டு கண்ணுக்குத் தெரியாமல் போனது ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. முந்தின நாள் இடி இடிக்கவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை, எந்த மாடும் மனுசக்குரலில் பேசவில்லை, அன்றைக்கு எல்லார் வீட்டிலும் வழக்கம்போலப் பழைய சோறும் வெங்காயமும்தான்.

அந்தப் பேக்டரியில் ஆள் எடுப்பு எப்படியென்றால், மேனேஜர் பழனியப்பன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு களத்து ஓரத்தில் நின்று "நல்லாயி செட்டு!" என்று ஒரு சத்தம் போடுவார், செட்டுக்குத் தலைவியான நல்லாயி "வந்தாச்சுங்க!" என்று ஒரு பதில் சொல்லுவாள், அவ்வளவுதான், பதினேழு பொம்பளைகளும் வந்ததாக ஆகிவிடும். பதினோரு வருசமாக இப்படித்தான். பாப்பாத்தி வந்தாளா, ஜெயக்கொடி வந்தாளா, இளவஞ்சி கைப்பிள்ளையோடு வந்தாளா என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை, யாருடைய பெயரும் அந்தக் களத்தில் சத்தமாக விழுந்ததில்லை. அந்தத் திங்கட்கிழமையும் நல்லாயி "வந்தாச்சுங்க!" என்றாள். மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மலையாகக் கிழங்கு குவிந்து கிடந்தது, அதைச் சுற்றித் தோல் சுருள் சுருளாகக் கீழே விழுந்தது, உரித்த கிழங்கு வெள்ளைவெளேரென்று தானாக எம்பிக் கூடைக்குள் குதித்தது, ஆனால் ஒரு ஆளைக் காணோம்.

"எங்கடி போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?" என்றார்.

"இங்கதானுங்களே உக்காந்திருக்கோம்!" என்று பதினேழு பேரும் சொன்னார்கள். அது அவர் காதில் மில்லு ஓடுகிற இரைச்சல்போல விழுந்தது.

அப்போது வேப்பமரத்துத் தூளியில் இளவஞ்சியின் மகள் நிறைமதி வீறிட்டாள். பதினோரு மாசப் பிள்ளை, பசித்தால் ஊரைக் கூட்டிவிடும். இளவஞ்சி கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து மரத்தடிக்குப் போனாள். போனதும் அங்கே அவள் தெரிந்தாள், இங்கே மற்ற பதினாறு பேரும் தெரிந்தார்கள். பிள்ளையை அமர்த்திவிட்டுத் திரும்பி வந்து வட்டத்தில் உட்கார்ந்ததும் பதினேழும் சேர்ந்து மறைந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நேரத்துக்கு வந்து பழகுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு ஆயிரம் சோலி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருத்தியும் பளிச்சென்று தெரிகிறாள், பதினேழும் கூடினால் மட்டும் தெரிவதில்லை, அதற்கு என்ன செய்ய என்று ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். டவுன் பஸ் டிரைவர், நிறுத்தத்தில் ஆளே இல்லாமல் புழுதி மட்டும் கிளம்பினால் பிரேக் போடக் கற்றுக்கொண்டார். டீக்கடைக்காரர் பெஞ்சில் பதினேழு கிளாஸ் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார், மறுபடி பார்க்கும்போது கிளாஸ் எல்லாம் காலியாக இருக்கும். மாரியம்மன் கோயில் பூசாரி வெறும் காற்றை நோக்கித் தட்டை நீட்டினார், பதினேழு விரல் பதிந்த தடம் திருநீற்றில் விழுந்தது. ஜெயக்கொடியின் நாத்தனார் கல்யாணத்தில் போட்டோக்காரர் செட்டு முழுவதையும் மேடையில் நிறுத்திப் படம் எடுத்தார், பொண்ணும் மாப்பிள்ளையும் யாருமில்லாத மேடையில் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரிப்பதுபோல வந்தது, அதையும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். இளவஞ்சியின் புருசன் பிரபு டிராக்டர் ஓட்டுகிறவன், அவன் மட்டும் ஒருநாள் கேட்டான்: "உங்க செட்டு மறைஞ்சா வலிக்குமா புள்ள?"

"மறைஞ்சா வலிக்கலீங்க, அடக்குனாத்தான் வலிக்குது" என்றாள் இளவஞ்சி.

அவள் சொன்னது வேறு சங்கதி. பேக்டரியில் பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கிடையாது. முன்னே பின்பக்கத்தில் சீமைக்கருவேலங்காடு இருந்தது, ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்று போய் வந்தார்கள். போன வருசம் முதலாளி அந்தக் காட்டை அழித்து, ஜவ்வரிசி காயப்போடப் புதுக் களம் போட்டு, சுற்றிக் கம்பிவேலியும் கட்டிவிட்டார். ஆபீசுக்குள் டைல்ஸ் பதித்த கக்கூஸ் ஒன்று இருக்கிறது, அதன் சாவி மேனேஜரின் இடுப்பில் தொங்குகிறது. ஆகவே காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை பதினேழு பேரும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அடக்க முடியாது என்பதால் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், சித்திரை வெயிலிலும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இளவஞ்சிக்கு நீர்க்கடுப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்சம்மா, "தண்ணி குடிக்கலைன்னா கடுப்பு மட்டுமில்லை, பாலும் வத்திப்போகும், பாத்துக்க" என்றார். வற்றத்தான் ஆரம்பித்திருந்தது. நிறைமதி இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சப்பிவிட்டு, ஏமாந்துபோய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் இளவஞ்சியால் தாங்க முடியவில்லை.

இளவஞ்சி சிரித்த முகக்காரி. கிழங்கு உரிக்கிற இடத்தில் அவள் இருந்தால் நேரம் போவதே தெரியாது என்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை சிரிப்பை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தனியாக ஆபீசுக்குள் போய் நின்றாள்.

"சார், எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தரணும்."

"ஒருத்திக்காக ஒரு கக்கூஸா? நல்லாருக்கே கதை" என்றார் பழனியப்பன். "இது உன் ஒருத்தியோட சின்னப் பிரச்சனை. வீட்டுலயே போயிட்டு வா."

"பதினேழு பேருக்கும் இதே பிரச்சனைதான் சார்."

"பதினேழு சின்னப் பிரச்சனை சேந்தா பெரிய பிரச்சனை ஆயிருமா? சின்னது எத்தனை சேந்தாலும் சின்னதுதான்."

இளவஞ்சி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "ஒத்தைக் கிழங்கை எம்புள்ளகூடத் தூக்கும் சார். அப்ப வாசல்ல நிக்கிற லாரி லோடையும் எம்புள்ள தூக்கிருமா? வரச் சொல்லட்டுங்களா?"

"வாய் மட்டும் வக்கணையா இருக்கு. கேக்கறதுன்னா முழுச் செட்டா வந்து கேளுங்க. ஒவ்வொருத்தியா வந்து என் உசுரை வாங்காதீங்க."

மறுநாள் முழுச் செட்டாகப் போனார்கள். பதினேழு பேரும் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள், நல்லாயி கேட்டாள், பாப்பாத்தி கேட்டாள், பிறகு எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். மேனேஜர் தீக்குச்சியால் காதைக் குடைந்துகொண்டே, "இந்த ஃபேன் என்னமா இரையுது" என்று எழுந்து அதை நிறுத்தினார். பிறகு போனில் முதலாளியிடம், "வரச் சொன்னேனுங்க, ஒருத்தியும் வரலை. நெசமாவே தேவைன்னா வந்திருப்பாளுங்கல்ல" என்றார். அவர் சொல்லும்போது நல்லாயியின் மூச்சு அவர் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த நாள் ஜெயக்கொடியைக் களத்திலேயே விட்டுவிட்டுப் பதினாறு பேர் போனார்கள். பதினாறு பேரும் நன்றாகத் தெரிந்தார்கள். அவர் பென்சிலால் காற்றில் புள்ளி வைத்து எண்ணினார்.

"ஒண்ணு குறையுதே? அப்ப அவளுக்கு வேண்டாம்னுதானே அர்த்தம்? முழுச் செட்டும் கேட்டாத்தான் செட்டு கேட்டதா ஆகும்."

"முழுச் செட்டா நேத்து வந்தோமே சார்!" என்றாள் பாப்பாத்தி.

"நேத்து நான் யாரையும் பாக்கலையே. இந்தா பாரு, ஒவ்வொருத்தியும் கண்ணுக்குத் தெரியுற ஆளுதானே? தெரியுற ஆளுங்க பதினேழு பேரு சேந்து வந்தா, வந்த கூட்டமும் தெரியத்தானே வேணும்? தெரியலைன்னா வரலை. இதுக்குமேல என்ன விளக்கஞ் சொல்ல?"

மனு எழுதிப் பதினேழு பேரும் கையெழுத்தும் ரேகையும் வைத்துக் கொடுத்தார்கள். அவருக்கு அது வெள்ளைத்தாளாகத் தெரிந்தது. அதைத் திருப்பிப் போட்டு, மத்தியானத்துக்கு வாங்கிவர வேண்டிய புரோட்டா, சால்னாவை அதில் எழுதி வாட்ச்மேனிடம் நீட்டினார். பிறகு, மனு என்னாச்சு என்று கேட்கத் தனியாக வந்த இளவஞ்சியிடம் நல்ல மனசோடு, ரொம்ப நல்ல மனசோடு, ஒரு புத்திமதியும் சொன்னார்: "தனித்தனியாப் பாத்தா நீங்க ஒவ்வொருத்தியும் தங்கமான பொம்பளைங்க. சேந்தாத்தான் கெட்டுப்போறீங்க."

அந்தப் பேச்சோடு இளவஞ்சி கிழங்குக்குத் திரும்பினாள். அன்றைக்கு அவள் உரித்த கிழங்கில் தோலோடு சதையும் போயிற்று. உரிக்க உரிக்க, ஒன்பதாம் வகுப்பில் படித்த கணக்குப்பாடம் ஞாபகத்துக்கு வந்தது. கணங்கள் என்று ஒரு பாடம், வட்டம் போட்டு அதற்குள் பொருள்களை எழுதுவார்கள். அந்தப் பாடம் அவளுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் கூட்டல் தப்பாகப் போனால் யாரும் அடிப்பதில்லை. மாம்பழம் இனிக்கும், ஆனால் மாம்பழங்களின் கணம் இனிக்காது, கணத்துக்குத் தோலும் கிடையாது கொட்டையும் கிடையாது, உறுப்புக்கு உள்ள குணம் கணத்துக்கு இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. ஜவுளிக்கடைப் பை தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்குகிற, டிகிரி படித்த மேனேஜருக்குப் பதினோரு வருசம் போதவில்லையே என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. தெரிகிறவள் சேர்ந்தால் தெரியவேண்டுமாம். சின்னது சேர்ந்தால் சின்னதாம். நல்லவள் சேர்ந்தால் மட்டும் கெட்டவளாம். அவருக்குத் தோதாக எது வருகிறதோ அது கணக்கு.

திடீரென்று கத்தியை நிறுத்தினாள்.

"ஏக்கா," என்றாள் நல்லாயியிடம், "நம்ம செட்டு செய்யுற எதையும் இவுங்களால பாக்க முடியாதுதானே?"

"அதான் பாக்கறோமே கண்ணு, தலையெழுத்து."

"தலையெழுத்து கெடக்குது விடுக்கா. அப்பக் கட்டிப்புடுவோமா?"

பேக்டரிக்குப் பின்னால் இடிந்துபோன பழைய ஜவ்வரிசி வறுவல் கொட்டகையின் செங்கல் மலையாகக் கிடந்தது. கிணற்றுக்கு வாங்கி மிஞ்சின சிமெண்டு உறை நான்கு புல் முளைத்துக் கிடந்தது. சிமெண்டும் பீங்கானும் வாங்க ஆளுக்கு ஒரு நாள் கூலி போட்டார்கள். பாப்பாத்தி கல்யாணத்துக்கு முன்னே ஏழு வருசம் கட்டட வேலைக்குப் போனவள், கரணை பிடிக்கவும் நூல் கட்டவும் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அரை மணி. அந்த அரை மணியில் ஐந்து நிமிசம் தின்றார்கள், மிச்சத்தில் கட்டினார்கள். பட்டப்பகலில், உச்சி வெயிலில், ஆபீஸ் ஜன்னலுக்கு நேரெதிரே, பதினேழும் ஒன்றாக நின்று கையிலிருந்து கைக்குச் செங்கல் மாற்றிக் கட்டினார்கள். பிள்ளை அழுதால் இளவஞ்சி ஓடுவாள், அவள் ஓடினதும் பதினாறு பேரும் அந்தந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுகிற பாவனை செய்வார்கள், அவள் திரும்பி வந்ததும் எழுந்துவிடுவார்கள். ஒருநாள் அவசரத்தில் ஜெயக்கொடி சாந்துச் சட்டியையே மடியில் வைத்துப் பிசைந்தாள்.

மேனேஜர் ஜன்னல் வழியே பார்த்தார். செங்கல் அந்தரத்தில் வரிசையாகப் போனது. குழி ஆழமானது, உறை தானாக உருண்டு வந்து இறங்கியது, சுவர் எழுந்தது. மூன்றாம் நாள் அவர் சுவரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். செட்டு அந்தப் பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்தது. ஏழாம் நாள் முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டார். பத்தாம் நாள் தகரக்கூரை ஏறியது, கொட்டகைக் கதவு நிலையில் பொருந்தியது, இளவஞ்சி கடைவீதியில் வாங்கிவந்த தாழ்ப்பாளைப் பாப்பாத்தி உள்பக்கம் வைத்து முடுக்கினாள். பதினோராம் நாள் காலையில் பதினேழு பேரும் வீட்டிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்கு வந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நிறைமதி ஒரே பக்கத்தில் குடித்து, வயிறு ரொம்பி, வாயோரம் வழிய வழியத் தூங்கிப்போனாள். இளவஞ்சி அந்தப் பாலைத் துடைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றே நாள்தான். நாலாம் நாள் முதலாளி காரில் வந்து இறங்கினார்.

"என் இடத்துல, என் கல்லுல, என்னைக் கேக்காம எவ கட்டுனது? கட்டுனவ இன்னியோட வெளிய போறா. கட்டடத்தையும் இடிச்சுப் போடுங்க."

பேய் கட்டியது என்று மேனேஜர் சொல்லிப் பார்த்தார். பேய் எதற்கப்பா உள்தாழ்ப்பாள் போடுது என்று முதலாளி கேட்டார். முடிவில், பேக்டரி மூலையில் நிற்கிற முனியப்பன் கல்லுக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும் என்று ஆனது. அந்தப் பக்கத்தில் முனியப்பனுக்கு முன்னே பொய்ச்சத்தியம் செய்தவர்கள் கை முடங்கிப்போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, முதலாளிக்கே இல்லை.

நல்லாயி ஆடிப்போனாள். "நான் மாட்டேன் கண்ணு. வேலை போனாப் போவுது, சாமிகிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் எதுக்குக்கா சொல்லணும்?" என்றாள் இளவஞ்சி. "நீ ஒருத்தி கட்டுனியா?"

"நான் எங்க கட்டுனேன், சாந்து கொழைச்சேன்."

"நான் கல்லு எடுத்துக் குடுத்தேன். ஜெயக்கொடி தண்ணி தூக்குனா."

"நான் கட்டுனேனே!" என்றாள் பாப்பாத்தி.

"கல்லும் சாந்தும் தண்ணியும் வராம, வெறுங் கரணைய வச்சா கட்டுன? நம்மள்ல ஒருத்தியும் கட்டலைக்கா. கட்டுனது செட்டு. அவரு ஒருத்தி ஒருத்தியாத்தானே கேக்கறாரு, ஒருத்தி ஒருத்தியா உள்ளதைச் சொல்லுவோம்."

நல்லாயி முதலில் போனாள். "நான் கட்டலைங்க சாமி" என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்தாள். கை முடங்கவில்லை. ஜெயக்கொடி அடித்தாள். பாப்பாத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தாள், அடித்துவிட்டு விரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். கற்பூரம் ஏற்ற ஏற்ற, பதினேழு கை அடித்தது, பதினேழு கையும் நன்றாகவே இருந்தது. அடித்து முடித்த மற்றவர்கள் எல்லாம் ஒவ்வொருத்தியாக ஆபீசுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்கள். கடைசியாக அடித்த இளவஞ்சி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "என்னய்யா இது? கட்டடம் நிக்குது. பதினேழு பேருல ஒருத்தியும் கட்டலை. அப்ப எவன் கட்டுனான், நீயா?"

பழனியப்பனுக்கு வேர்த்து ஊற்றியது. சத்தம் கேட்டு ஆபீசுக்குப் பின்னாலிருந்து பதினாறு பேரும் நடந்து வந்து இளவஞ்சியின் பக்கத்தில் சேர்ந்து நின்றார்கள், நின்றதும் வழக்கம்போல மறைந்தார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்து, முடங்காத பதினேழு கையையும் நினைத்து, தன் வேலை போகப்போகிற பயத்தில் தொண்டை கிழிய அவர் கத்தினார்:

"இவளுங்க எல்லாருஞ் சேந்துதாங்க கட்டியிருக்காளுங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, பதினேழு பேரும் தெரிந்தார்கள். இடைவெளி இல்லாமல், தோளோடு தோளாக, சிமெண்டு வெடித்த விரலோடு, பிள்ளையோடு சேர்த்துப் பதினெட்டுத் தலையாகத் தெரிந்தார்கள். முதலாளி இரண்டடி பின்னால் வைத்தார். வாட்ச்மேன் கும்பிட்டுவிட்டார். களத்தில் ஜவ்வரிசி புரட்டிக்கொண்டிருந்த ஆம்பளைகள் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

நல்லாயிக்கும் பாப்பாத்திக்கும் கண் கலங்கிவிட்டது. இளவஞ்சிக்குக் கலங்கவில்லை, அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"ஓ, இப்பத் தெரியுதுங்களா சார்?" என்றாள். "தண்ணி குடிக்க வழியில்லைன்னு வந்து கத்துனப்பத் தெரியலை. மேசையைச் சுத்தி நின்னப்பத் தெரியலை. மனு குடுத்தா புரோட்டாக் கணக்கு எழுதுனீங்க. நல்லது கேட்டு நின்னா நாங்க ஆளே இல்லை, குத்தஞ் சொல்லணும்னா மட்டும் ஒரே நிமிசத்துல பதினேழு பேரும் பளிச்சுனு தெரியுறோம். அந்தக் கண்ணு எந்தக் கடையில வாங்குனதுங்க?"

மேனேஜர் முதலாளிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அதில்லைம்மா," என்றார் முதலாளி, குரலை இறக்கி. "என் இடத்துல என்னைக் கேக்காம..."

"கேட்டோமுங்க. கேட்டது நாங்க பதினேழு பேருஞ் சேந்து. கட்டுனதும் நாங்க பதினேழு பேருஞ் சேந்து. இடிக்கிறதுன்னா இந்தப் பதினேழு பேரையும் ஒண்ணாப் பாத்து, இடிக்கறேன்னு சொல்லிட்டு இடிங்க. வேலையை விட்டு அனுப்புறதுன்னாலும் அப்படியே அனுப்புங்க. அந்த லோடு கிழங்கு நாளைக்குள்ள உரிக்கலைன்னா அழுகிரும், நீங்களே உக்காந்து உரிச்சுக்குங்க, கத்தி அங்க கெடக்குது."

லாரி லோடு வாசலில் நின்றது. முதலாளி அதையும் பார்த்தார், கக்கூசையும் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபோது இளவஞ்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு நிமிசம் இருங்க முதலாளி, இதோ வந்தர்றேன். காலையிலருந்து நல்லாத் தண்ணி குடிச்சிருக்கேன்."

பிள்ளையை நல்லாயியிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் களம் முழுக்கக் கேட்டது.

கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கமுள்ள மனுசன் முதலாளி. அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. உச்சி வெயிலில், பதினாறு பொம்பளைகளுக்கு முன்னால், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, அவள் முடித்து வருகிறவரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.